காப்பாத்துற மாத்திரையே நுரையீரல்ல தழும்பு போடுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதையும், நடுவுல குக்கர் விசில் வந்த இடத்தையும் வெட்டிட்டு, படிக்க வசதியாத் திருத்தியிருக்கோம்.)

வழக்கமா ஒரு மொக்கை ஜோக் சொல்லிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். இன்னைக்கு நேரா போயிடலாம்.

நாலு மாசம் முன்னாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சிறுசேரி ரூம்ல உட்கார்ந்து மறுநாள் ரிலீஸுக்கு டெஸ்ட் ஓட்டிட்டிருந்தேன். மாமாகிட்ட இருந்து போன். மாமான்னா அம்மாவோட தம்பி. மாமல்லபுரத்துல இருக்கார். முப்பது வருஷத்துக்கு மேல கல் செதுக்கினவர். மூணு வருஷம் முன்னாடி சென்னையில அவருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்துச்சு.

"மருமகனே, நீ படிச்சவன். ஒண்ணு பார்த்துச் சொல்லு. நான் சாப்பிடுற மாத்திரையாலதான் புது நுரையீரல்ல தழும்பு விழுதாமே? எங்க குரூப்ல ஒருத்தர் போட்டிருக்கார்."

"எந்த மாத்திரை மாமா?"

"அதான், காலையில எட்டு, ராத்திரி எட்டு. டாக்ரோ."

டாக்ரோலிமஸ். புது உறுப்பை நம்ம உடம்பு அந்நியன்னு நினைச்சு அடிச்சு விரட்டாம இருக்கக் குடுக்குற மருந்து. உறுப்பு மாத்தினவங்க வாழ்க்கை முழுக்க இந்த மாதிரி மருந்து எடுக்கணும்.

"பார்த்துச் சொல்றேன் மாமா. அதுவரைக்கும் நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க"ன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல.

"இல்லடா. மூணு வாரமா ராத்திரி மாத்திரையை விட்டுட்டேன்."

எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு. ஏன் மாமான்னு கேட்டதுக்கு அவர் சொன்ன பதில்தான் இந்த எபிசோடு. "கிட்னியைக் கெடுக்கும்னு டாக்டரே சொல்லியிருக்கார். மாசாமாசம் கிரியேட்டினின் பார்க்குறாங்க. கிட்னியைக் கெடுக்குற மருந்து நுரையீரலை மட்டும் விட்டுடுமா?"

யோசிச்சுப் பாருங்க. இது முட்டாள்தனமான கேள்வி இல்ல. நல்ல கேள்வி. அதுக்கு அவர் தானா எடுத்த முடிவுதான் ஆபத்து. அன்னைக்கு ராத்திரியே மருத்துவமனையில அவரோட டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டருக்குப் போன் போட வச்சேன். என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் என்னன்னு பார்ப்போம்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல. இன்ஜினியரிங் முடிச்சுட்டு கோடு எழுதுறவன். இந்த நாலு மாசம் படிச்சதையும், மாமாவோட டாக்டர்கிட்ட உட்கார்ந்து கேட்டதையும் சொல்றேன். இதைக் கேட்டுட்டு யாரும் ஒரு மாத்திரையைக்கூட கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கல் தூசு

மாமல்லபுரத்துக்கு வீக்கெண்ட் ரைடு போகாதவங்க இங்க கம்மி. ஈசிஆர்ல போய், கடற்கரைக் கோயில் பார்த்துட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புவோம். ஐந்து ரதம் போற வழியில ரெண்டு பக்கமும் சிற்பக் கூடங்கள் இருக்கும். முன்னாடி உளிச் சத்தம்தான் கேட்கும். இப்போ அதோட சேர்ந்து கட்டிங் மெஷின் சத்தமும் கேட்குது. அந்த மெஷின் கல்லைத் தொட்டதும் வெள்ளையா ஒரு புகை கிளம்பும். அது கல்லோட மாவு.

கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்கா தூள் நுரையீரலின் அடிவரை போய்விடும். அங்கே காவல் காக்கும் செல்கள் அதை விழுங்கிப் பார்க்கும். ஜீரணிக்க முடியாது. விழுங்கிய செல் செத்து, தூள் வெளியே வரும். அடுத்த செல் வந்து விழுங்கும். அதுவும் சாகும். ஒவ்வொரு தடவையும் 'இங்கே காயம்' என்று அலாரம் அடிக்கிறது. காயம் என்றால் உடம்பு என்ன செய்யும்? கொலாஜன் போட்டு அடைக்கும். வருஷக்கணக்கில் அடைத்து அடைத்து, பஞ்சு மாதிரி இருந்த இடம் கட்டியாகிப் போகும். இதற்குப் பெயர் சிலிகோசிஸ். பழைய நிலைக்குத் திருப்ப மருந்து கிடையாது.

மாமாவுக்கு முதல்ல ஒரு இடத்துல டிபின்னு நினைச்சு ஆறு மாசம் மருந்து குடுத்தாங்க. எக்ஸ்ரேல ரெண்டும் குழப்புற மாதிரிதான் இருக்கும், அதனால நான் யாரையும் குறை சொல்லல. கடைசியில சரியாக் கண்டுபிடிச்சப்போ, அவரால பாத்ரூம் வரைக்கும் ஆக்சிஜன் இல்லாம நடக்க முடியல.

கவனிங்க. அவரோட பழைய நுரையீரல் போனதே தழும்பாலதான். இப்போ புதுசுலயும் தழும்புன்னு கேட்டா மனுஷன் பயப்படாம எப்படி இருப்பார்?

திருக்கழுக்குன்றத்துப் பையன்

புது நுரையீரல்னா அது எங்கிருந்தோ வரணும். இந்தக் கதையில நம்ம ஊருக்கு ஒரு இடம் இருக்கு.

செங்கல்பட்டுல இருந்து மாமல்லபுரம் போற வழியில திருக்கழுக்குன்றம் வரும். 2008 செப்டம்பர்ல அந்த ஊரைச் சேர்ந்த ஹிதேந்திரன்னு 15 வயசுப் பையன் பைக் விபத்துல அடிபட்டான். அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி, ரெண்டு பேருமே டாக்டர்கள். சென்னை அப்போலோவுல மூளைச்சாவுன்னு உறுதியானதும், உறுப்புகளைக் கொடுக்க அவங்களே முடிவு பண்ணாங்க. தேனாம்பேட்டையில இருந்து முகப்பேர்ல இருக்குற ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனைக்கு அவனோட இதயம் 11 நிமிஷத்துல போய்ச் சேர்ந்துச்சு. போலீஸ் வழியெல்லாம் சிக்னலை நிறுத்தி வச்சாங்க. பெங்களூரைச் சேர்ந்த ஒரு 9 வயசுப் பொண்ணுக்கு அந்த இதயம் பொருத்தப்பட்டுச்சு. 'சென்னையில் ஒரு நாள்' படம் பார்த்திருப்பீங்க. அதோட வேர் இந்தச் சம்பவம்தான்.

நான் அப்போ ஆறாவது படிச்சிட்டிருந்தேன். செங்கல்பட்டுல எங்க தெருவுல எல்லாரும் ஒரு வாரம் இதையே பேசினாங்க. 'மூளைச்சாவு'ங்குற வார்த்தையை நான் முதல்முதல்ல கேட்டது அப்பதான். அதே வருஷம் தமிழ்நாடு அரசு இறந்தவர்கள்கிட்ட இருந்து உறுப்பு பெறுறதுக்கு ஒரு முறையான திட்டத்தைத் தொடங்குச்சு. யார் வரிசையில அடுத்தது, எந்த மருத்துவமனைக்கு எந்த உறுப்புன்னு வெளிப்படையா ஒரு பட்டியல். பிறகு அதுதான் டிரான்ஸ்டான் ஆணையமா ஆச்சு. 2020 ஆகஸ்ட்ல சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேர்ல, கொரோனாவால நுரையீரல் கெட்டுப்போன ஒருத்தருக்கு ரெண்டு நுரையீரலையும் மாத்தினாங்க. ஆசியாவுலயே முதல்னு அப்போ செய்தி வந்துச்சு. மாமாவுக்கு நம்பிக்கை வந்ததே அந்தச் செய்தியைப் பார்த்துதான்.

ஏன் நுரையீரல் மட்டும் சீக்கிரம் போகுது?

மாற்று நுரையீரலோட ஆயுள், மாற்றுச் சிறுநீரகம், மாற்று இதயம் அளவுக்கு நீளம் இல்ல. உலக அளவில் பார்த்தால், மாற்றிக்கொண்டவர்களில் பாதிப் பேர் வாழும் காலம் சுமார் 6 முதல் 7 வருஷம்தான். இருபது வருஷம் வாழ்றவங்களும் இருக்காங்க. ஆனா சராசரி அங்கதான் நிக்குது.

காரணம் ஒன்று எளிமையானது. இதயமும் சிறுநீரகமும் உடம்புக்குள்ளே மூடி இருக்கின்றன. நுரையீரல் அப்படி இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் தூசு, கிருமி, வண்டிப் புகை எல்லாம் நேராக உள்ளே வருகின்றன. அதனால் அங்கே நோய் எதிர்ப்புப் படை எப்போதும் விழித்தே இருக்கும். அடுத்தவர் நுரையீரல் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஐந்து வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு பிரச்சினை வருகிறது. மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக 'கிளாட்' என்கிறார்கள். மாற்று நுரையீரல் நாள்பட்டுச் செயலிழப்பது என்று அர்த்தம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: 2 மில்லிமீட்டருக்கும் குறைவான சின்னச் சின்ன மூச்சுக்குழாய்கள் உள்ளே தழும்பு விழுந்து அடைத்துக்கொள்கின்றன.

ஓஎம்ஆர் அபார்ட்மெண்ட்ல இருக்கவங்களுக்கு இது ஈசியாப் புரியும். போர் தண்ணி உப்பு. மெயின் பைப் நல்லா இருக்கும், மோட்டார் நல்லா ஓடும், டேங்க் நிறைஞ்சிருக்கும். ஆனா ஷவரோட சின்ன ஓட்டையெல்லாம் வெள்ளையாப் படிஞ்சு அடைச்சிருக்கும். ஷவரைக் கழட்டி வினிகர்ல போடலாம். மூச்சுக்குழாயைப் போட முடியாது.

ரெண்டு வேலை பார்க்கும் புரதம்

இப்போ மாமா கேள்விக்கு வருவோம். மருந்தே தழும்பு போடுமா?

டாக்ரோலிமஸின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1984இல் டோக்கியோவுக்கு வடக்கே இருக்கும் சுகுபா பகுதியின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தார்கள். அப்போது அதன் பெயர் எஃப்கே-506. அது நம் செல்லுக்குள் போனதும் தனியாக எதுவும் செய்யாது. முதலில் ஒரு சின்னப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதத்துக்கே பிறகு எஃப்கேபிபி-12 என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் ஜோடி சேர்ந்த பிறகுதான் கால்சிநியூரின் என்ற நொதியை அடைக்கும். அது அடைபட்டால், 'தாக்கு' என்று கட்டளை போடும் டி-செல்கள் அமைதியாகிவிடும். புது உறுப்பு தப்பிக்கும்.

நம்ம பாஷையில சொன்னா, இந்த மருந்துக்கு ஒரு டிபென்டென்சி இருக்கு. எஃப்கேபிபி-12 இல்லாம ஓடாது.

சிக்கல் என்னன்னா, அந்தப் புரதம் மருந்துக்காகச் சும்மா காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கல. அதுக்கு ஏற்கெனவே வேற வேலை இருக்கு. செல்லின் மேல் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையை வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. உடம்பில் தழும்பு போடச் சொல்லும் முக்கியமான குரல் இந்த டிஜிஎஃப்-பீட்டாதான். எஃப்கேபிபி-12 அந்த ஏற்பியில் ஒரு பூட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். தேவையில்லாமல் சமிக்ஞை ஓடாமல் பார்த்துக்கொள்ளும். இதை 1990களிலேயே ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். டாக்ரோலிமஸ் வந்து எஃப்கேபிபி-12ஐ இழுத்துக்கொண்டு போனால், பூட்டு திறந்துகொள்கிறது.

ஒரே லைப்ரரியை ரெண்டு சர்வீஸ் யூஸ் பண்ணுது. நீங்க ஒரு சர்வீஸுக்காக அதைத் தூக்கிட்டுப் போனா, இன்னொண்ணுல கேட் திறந்து கிடக்கு. புரொடக்ஷன்ல அடி வாங்கினவங்களுக்கு இந்த வலி தெரியும்.

ஆக, மருந்து தழும்புக்கு உதவக்கூடும்ங்குறது கட்டுக்கதை இல்ல. அதுக்கு ஒரு நியாயமான வழிமுறை இருக்கு. சிறுநீரகத்துல இது வெறும் சந்தேகமும் இல்ல. டாக்ரோலிமஸ், அதுக்கு அண்ணன் மாதிரியான சைக்ளோஸ்போரின், ரெண்டும் வருஷக்கணக்கா எடுக்கும்போது சிறுநீரகத்துல கோடு கோடாத் தழும்பு விழுறதை டாக்டர்கள் மைக்ராஸ்கோப்ல பார்த்திருக்காங்க. மாமாவுக்கு மாசாமாசம் கிரியேட்டினின் பார்க்குறது அதனாலதான்.

இங்கேயே நிறுத்தினா, குரூப்ல வந்த ஃபார்வர்டு சரி. பல பேர் இங்கேயே நிறுத்திடுறாங்க.

யூனிட் டெஸ்ட் வேற, புரொடக்ஷன் வேற

செல்லுக்குள் ஒரு வழிமுறை இருப்பது ஒரு விஷயம். முழு மனுஷனுக்குள் கடைசியில் எது ஜெயிக்கிறது என்பது வேறு விஷயம்.

சைக்ளோஸ்போரினும் கால்சிநியூரினைத்தான் அடைக்கிறது. ஆனால் அது ஒட்டிக்கொள்ளும் புரதம் வேறு, எஃப்கேபிபி-12 அல்ல. அப்படியென்றால் பூட்டு திறக்கும் கதைதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால், டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்குத் தழும்பு அதிகம் வர வேண்டும், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்குக் குறைய வேண்டும். இல்லையா?

இதை ஸ்காண்டிநேவிய நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். நுரையீரல் மாற்றிய 249 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு டாக்ரோலிமஸ், இன்னொன்றுக்கு சைக்ளோஸ்போரின். ஸ்கேன்கிளாட் என்ற அந்தச் சோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. மூன்று வருஷத்தில் கிளாட் வந்தவர்கள்: சைக்ளோஸ்போரின் குழுவில் 39 சதவீதம். டாக்ரோலிமஸ் குழுவில் 13 சதவீதம்.

மூணுல ஒரு பங்கு. நான் இதைப் படிச்சப்போ ரெண்டு தடவை திரும்பப் படிச்சேன்.

எதுக்கு இப்படி? ஏன்னா புது நுரையீரல்ல தழும்புக்குப் பெரிய காரணம், நம்ம உடம்பு அதைத் தொடர்ந்து அடிக்கிறதுதான். ஒவ்வொரு அடியும் ஒரு காயம். ஒவ்வொரு காயத்துக்கும் கொஞ்சம் கொலாஜன். மாமாவோட பழைய நுரையீரல்ல சிலிக்கா தூள் பண்ணின வேலையை, புதுசுல நிராகரிப்பு பண்ணுது. மருந்து ஒரு பக்கம் பூட்டைக் கொஞ்சம் திறந்தாலும், இன்னொரு பக்கம் அடி விழுறதையே நல்லா நிறுத்துது. கணக்குப் போட்டா, மருந்து இருக்குற பக்கம்தான் லாபம்.

அதுக்காக 'எதிர்ப்பு சக்தியை அமுக்கினா தழும்பு குறையும்'னு பொதுவா ஒரு ரூல் எழுதிடாதீங்க. அதுவும் தப்பு. காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பாகும் ஐபிஎஃப் என்ற நோய் இருக்கிறது. அதற்குப் பல வருஷம் பிரெட்னிசோன், அசதயோபிரின் என்ற எதிர்ப்பு சக்தி குறைக்கும் மருந்துகளோடு இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்துவந்தார்கள். அமெரிக்காவில் பான்தர் என்ற சோதனையில் அதை முறையாகப் பரிசோதித்தபோது, மூன்று மருந்தும் எடுத்த 77 பேரில் 8 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை எடுத்த 78 பேரில் இறந்தவர் ஒருவர். 2011இல் அந்தச் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதே வகை மருந்துகள் மாற்று நுரையீரலைக் காப்பாற்றுகின்றன, ஐபிஎஃப்பில் கேடு செய்தன. தழும்பு எதனால் வருகிறது என்பதைப் பொறுத்தே மருந்து நல்லதா கெட்டதா என்பது முடிவாகிறது.

தழும்பு இல்லாமலும் முடியாது

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. நாம தழும்பை எதிரின்னு நினைக்கிறோம். ஆனா தழும்பு போடத் தெரியாத உடம்புல ஆபரேஷனே பண்ண முடியாது.

1963இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி என்ற மருத்துவர் முதல்முறையாக மனிதனுக்கு நுரையீரல் மாற்றினார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். அதற்கடுத்த இருபது வருஷமும் ஏறக்குறைய தோல்விதான். ஒரு பெரிய காரணம், மூச்சுக்குழாயைத் தைத்த இடம் ஆறாமல் பிரிந்துபோனது. டொராண்டோவில் ஜோயல் கூப்பர் குழு, அதிக அளவு ஸ்டீராய்டு அந்தத் தையலை ஆறவிடாமல் செய்கிறது என்று கண்டுபிடித்தது. அந்த நேரத்தில் சைக்ளோஸ்போரின் வந்தது. ஸ்டீராய்டைக் குறைக்க முடிந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புச் சவ்வை இழுத்துத் தையலைச் சுற்றிப் போர்த்தினார்கள். 1983இல் அவர்கள் செய்த மாற்று வெற்றி பெற்றது. அந்த நோயாளி ஆறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். அவருக்கு வந்த நோயும் நுரையீரல் தழும்புதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சிரோலிமஸ் என்று ஒரு மருந்து, ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்தது. அதுவும் எஃப்கேபிபி-12ஓடுதான் ஒட்டிக்கொள்ளும். ஆனால் செல்கள் பெருகுவதையே அது தடுப்பதால், தழும்பு போடும் செல்களும் மந்தமாகிவிடும். ஆகா, அப்போ இதுதானே வேண்டும் என்று தோன்றும். ஆபரேஷன் முடிந்த உடனே அதைக் கொடுத்தபோது, சிலருக்கு மூச்சுக்குழாய்த் தையல் பிரிந்து உயிரே போனது. அதனால் புதிதாக நுரையீரல் மாற்றியவர்களுக்கு அந்த மருந்து கூடாது என்று அதன் லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. தையல் நன்றாக ஆறிய பிறகு, சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டிய சிலருக்கு மருத்துவர்கள் அதை யோசித்துக் கொடுப்பது உண்டு.

முதல் மாசம் தழும்பு வேணும். மூணாவது வருஷம் தழும்பு வேண்டாம். ஒரே உடம்பு, ஒரே டிஜிஎஃப்-பீட்டா. மாத்திரையை ஆன், ஆஃப் சுவிட்ச் மாதிரி பார்த்தா இது புரியாது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி பார்க்கணும். அதுவும் அந்த ரெகுலேட்டரை ரத்தப் பரிசோதனை பார்த்துட்டு டாக்டர்தான் திருப்பணும்.

100 மில்லி

சரி, மாமாவுக்கு என்ன ஆச்சு?

திங்கட்கிழமை காலையிலேயே வரச் சொல்லிட்டாங்க. நான் லீவு போட்டுட்டுக் கூடப் போனேன். காலை மாத்திரை போடாம ரத்தம் எடுத்தாங்க. மருந்து ரத்தத்துல மிகக் குறைவா இருக்குற நேரம் அதுதான், அந்த அளவை வச்சுத்தான் டோஸ் முடிவு பண்ணுவாங்க. அவருக்கு டாக்டர் வச்ச இலக்கு 8ல இருந்து 10. வந்தது 3.6.

அப்புறம் ஊதச் சொன்னாங்க. ஒரு நொடியில எவ்வளவு காத்தை வெளியே தள்ள முடியுதுன்னு பார்க்குற டெஸ்ட். மாற்று நுரையீரல் வச்சிருக்கவங்களுக்கு இதுதான் ஹெல்த் செக். தன்னோட சிறந்த அளவுல இருந்து 20 சதவீதம் குறைஞ்சு, திரும்ப ஏறாமலே இருந்தா கிளாட்னு சந்தேகப்படுவாங்க. மாமாவோட சிறந்த அளவு 2.4 லிட்டர். அன்னைக்கு 2.1.

டாக்டர் திட்டல. அதுதான் என்னைப் பாதிச்சது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மாமா பக்கத்துல உட்கார்ந்து, "ஐயா, உங்க கேள்வி சரியான கேள்வி. அதை என்கிட்ட கேட்டிருக்கலாமே"ன்னார்.

மாமா தரையைப் பார்த்துட்டே சொன்னார். "உங்ககிட்ட அஞ்சு நிமிஷம்தான் கிடைக்குது சார். குரூப்ல எந்நேரமும் பதில் சொல்றாங்க."

அந்த ரூம்ல யாரும் எதுவும் பேசல.

நுரையீரலில் இருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்ததுல நிராகரிப்பு ஆரம்பிச்சிருந்தது தெரிஞ்சது. மூணு நாள் ஊசியில ஸ்டீராய்டு. டாக்ரோ பழைய டோஸுக்கு. ரெண்டு மாசம் கழிச்சு ஊதினப்போ 2.3. போன வாரமும் 2.3. நான் டாக்டர்கிட்ட, "மாத்திரை விட்டதாலதானா?"ன்னு கேட்டேன். "நூறு சதவீதம் அப்படின்னு சொல்ல மாட்டேன். ஆனா கதவைத் திறந்து வச்சுட்டுத் திருடன் வந்தா, கதவைப் பத்திதானே முதல்ல பேசுவோம்"னார்.

100 மில்லி திரும்ப வரல. நம்ம டீக்கடை கிளாஸ்ல ஒரு டீ அளவுன்னு வச்சுக்கோங்க. எங்களுக்கு அதிர்ஷ்டம், அதோட போச்சு.

என்ன கேட்கலாம்

உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்கள்லயோ உறுப்பு மாத்தினவங்க இருந்தா, இதை மட்டும் எடுத்துக்கோங்க.

சந்தேகம் வந்தா மாத்திரையை நிறுத்திட்டுக் கேட்காதீங்க, சாப்பிட்டுட்டே கேளுங்க. டாக்டர்கிட்ட நேரம் இல்லைன்னா டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர்கிட்ட கேளுங்க. அவங்க வேலையே அது.

கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. என் மருந்து அளவு இப்போ எவ்வளவு, இலக்கு எவ்வளவு? என் ஊதல் டெஸ்ட்டோட சிறந்த அளவு என்ன, எவ்வளவு குறைஞ்சா நான் உடனே கூப்பிடணும்? சிறுநீரகம் எப்படி இருக்கு, அதுக்காக மருந்தை மாத்த வேண்டியிருக்கா? புதுசா வேற மாத்திரை எழுதும்போது இதோட மோதுமா?

கடைசிக் கேள்வி நம்ம ஊர்ல ரொம்ப முக்கியம். டிபிக்குக் குடுக்குற ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸ் அளவைப் பயங்கரமாக் குறைச்சுடும். சில பூஞ்சை மருந்துகள் ஏத்திடும். பம்ளிமாஸ் பழம்கூட ஏத்தலாம். மெடிக்கல் ஷாப்ல நாமளா எதுவும் வாங்கிப் போடக் கூடாது.

இன்னொண்ணு, மருந்தைத் தவிரவும் தழும்புக்குக் காரணங்கள் இருக்கு. சளித் தொற்று, வைரஸ், வயித்து அமிலம் மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போறது, தூசு. இதுல சிலது நம்ம கையில இருக்கு. மாமா இப்பவும் சாயங்காலம் பட்டறைக்குப் போகாம இருக்க மாட்டார். ஆனா மெஷின் ஓடுற நேரத்துல உள்ள போறதில்ல. காத்து வர்ற பக்கமா ரோட்டோரம் சேர் போட்டு உட்கார்ந்து, "அந்த விரல் தடிமனா இருக்குடா"ன்னு பசங்களுக்குக் குரல் குடுத்துட்டிருப்பார். பசங்க இப்போ தண்ணி ஊத்தித்தான் கல் அறுக்குறாங்க, மாஸ்க் போடுறாங்க. அது அவர் போட்ட கண்டிஷன். அவருக்கு நடந்தது தெரிஞ்ச யாரும் எதிர்த்துப் பேசறதில்ல.

மாமாவுக்கு யாரோட நுரையீரல் வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. 2023 செப்டம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல உறுப்பு கொடுத்தவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு நடக்குது. டிவியில அந்தச் செய்தி வந்தா மாமா எழுந்து நிப்பார். ஏன்னு யாரும் கேட்டதில்ல.

இப்போ ராத்திரி எட்டு மணிக்கு என் போன்லயும் ஒரு அலாரம் அடிக்குது. ஸ்டாண்டப்ல இருந்தாலும் சரி, ரெக்கார்டிங்ல இருந்தாலும் சரி, மியூட் போட்டுட்டு ஒரு போன். "மாமா, போட்டாச்சா?" "போட்டாச்சுடா." அவ்வளவுதான், பத்து செகண்ட்.

உங்க வீட்டுலயும் ஒருத்தருக்கு இந்த அலாரம் தேவைப்படலாம். கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.